நல்ல ஓட்டை வண்டி தேவை

பிப்ரவரி 4

அன்புள்ள நட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாமனாரின் முழங்கால் மட்டும் வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. உன் இருமல் நின்றதா? குவாரித் தூசிக்கு மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, இல்லை அப்படியே திரிகிறாயா?

உன் ஆபீசுக்கு நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் குமாஸ்தா, "அவரு லாரிக்கு அடியில இருக்காருங்க" என்கிறார். மூன்று வருஷமாக ஒரு மனுஷன் லாரிக்கு அடியிலேயே இருக்க முடியுமாடா? அதனால்தான் கடிதம். லாரிக்கு அடியில் கடிதத்தை நீட்டலாம் அல்லவா?

விஷயம் இதுதான். நாங்கள் ஒரு வண்டி வாங்கப் போகிறோம், பழையதுதான். நான், உன் அத்தான், மாமனார், பெரியவள், இரட்டைகள், ஆக மொத்தம் ஆறு உருப்படி. கூடவே அத்தானின் மடக்கு நாற்காலி. பின்கதவு மேலே தூக்கித் திறக்கிற நீள வண்டியாக இருந்தால் நாற்காலியை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம்.

அத்தான் அந்த விபத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் போகவில்லை. அச்சகத்தில் ப்ரூஃப் தாள்களை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பிழை திருத்துகிறார். செயற்கைக் கால் அலமாரியில் சட்டைகளோடு சட்டையாக நிற்கிறது. அவரை வெளியே கூட்டிப் போக வேண்டும், நட்டு. அதற்குத்தான் வண்டி.

இன்னொன்று, அடிக்கோடு போட்டுக்கொள். வண்டி ஓட்ட சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்கு வண்டியில் ஹாரன் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மெக்கானிக் தம்பி நீதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு வண்டியை நீ ஓட்டினாய் என்பதற்காக இந்த வீட்டில் யாரும் உன் தட்டை எடுத்து ஒளித்து வைத்துவிடவில்லை. பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் குறைந்துவிட்டது. துணி கட்டிக்கொள்கிறேன். அத்தானுக்கு வலி எப்படி இருக்கிறது? குளிர் நாட்களில் இல்லாத காலும் வலிக்கும் என்று இங்கே ஒரு வெல்டர் சொல்கிறார். அவருக்குக் கை.

இங்கே தபால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் வரும், அரிசி மூட்டை ஏற்றிவரும் லாரியில். பதில் தாமதமானால் என்னைத் திட்டாதே.

வண்டி: உயரமான பெட்டி வேன் வாங்கு, டீசல். எட்டுப் பேர் உட்காரலாம், நாற்காலியும் போகும். அறுபதுக்கு மேல் போனால் முனக ஆரம்பிக்கும், அது நல்லதுதான். முன்பக்கம் கனமான பம்பர் இருக்க வேண்டும். சீட் பெல்ட் எல்லா சீட்டுக்கும் வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்க்கச் சொல்.

ஓட்ட சந்தோஷம் என்பதை விட்டுவிடு. அது வண்டிக்குத் தேவையில்லாத குணம். சரி, யார் ஓட்டப் போகிறார்கள்? டிரைவர் வைக்கிறீர்களா? வயதானவராகப் பார்த்து வையுங்கள்.

இரட்டைகளிடம் மாமா கேட்டதாகச் சொல்.

நட்டு


மார்ச் 14

அன்புள்ள நட்டுவுக்கு,

எல்லோரும் நலம். இரட்டைகளில் ஒருத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது, இன்னொருத்தி தனக்கும் விழவேண்டும் என்று அழுகிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்ன பெட்டி வேனைப் போய்ப் பார்த்தோம், நானும் மாமனாரும். அடேயப்பா! ஏணி போட்டு ஏற வேண்டியிருந்தது. திருப்பத்தில் பீரோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆடுகிறது. ஸ்டீரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினால், யோசித்துப் பார்த்து மூன்று நிமிஷம் கழித்து முன்சக்கரம் சம்மதிக்கிறது. அப்படிச் சொன்னார்கள்.

மாமனார் நாற்பது வருஷம் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். எதையும் காதில் வைத்துத்தான் பார்ப்பார். பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளே யாரோ பாத்திரம் கழுவறாங்க" என்று சொல்லிவிட்டார். விற்க வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

வேண்டாம், நட்டு. வேறே சொல். நீளமாக, தாழ்வாக, சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டியாக. ஓட்ட சந்தோஷமாக, இரண்டாவது தடவை எழுதுகிறேன். என் தையல் கடையில் சீருடைத் துணி மலைபோல் கிடக்கிறது, நூறு சட்டை வெட்ட வேண்டும். உடம்பு பத்திரம்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாகவே இருக்கிறேன்.

யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டேன். நீ பல் விழுந்ததையும் பாத்திரம் கழுவியதையும் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியைக் காட்டி என்னை வரவழைக்கலாம் என்று பார்க்கிறாய். ஓட்ட சந்தோஷமான வண்டி வந்தால் தம்பி ஓடி வருவான் என்று நினைக்கிறாய்.

அக்கா, நான் ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன். இங்கே லாரிகளைப் பிரித்து மாட்டுகிறேன், ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கிறேன், கியர் போடுவதில்லை. ஷெட்டுக்கு உள்ளே எடுத்துவர வேறொருவர் வருவார். எல்லோரும் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள்.

உனக்கு இதுவரை எழுதாததை இப்போது எழுதிவிடுகிறேன். ஏரிக்கரை வளைவில் அன்றைக்கு மழை. பிரேக் நன்றாக இருந்தது, டயர் நன்றாக இருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. காரணம் ஒன்றுதான், எனக்கு அது பிடித்திருந்தது. வண்டி சாய்ந்து திரும்புவது அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்துக்கு அத்தான் கால் கொடுத்தார். இதற்கு மேல் எந்த முகத்தோடு உங்கள் வீட்டுக்குள் வருவேன்?

பெட்டி வேனையே வாங்குங்கள். உன் உடம்பையும் கவனித்துக்கொள்.

நட்டு


மே 20

நட்டுவுக்கு,

நலம்தான். ஒன்றரை மாதம் கோபமாக இருந்தேன், அதனால்தான் எழுதவில்லை. உன்னை யாருடா ஓட்டக் கூப்பிட்டார்கள்? பெரிய இவன்! உலகத்தில் உன்னை விட்டால் ஸ்டீரிங் பிடிக்க ஆளே இல்லையா?

கோபம் எப்படிப் போனது என்று கேள். நானே விளம்பரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று அச்சகத்துக்குப் போன் பண்ணினேன். அவர்கள்தானே உள்ளூர் விளம்பர வாரப் பத்திரிகை போடுகிறார்கள். "ஆறு பேர் உட்கார, நல்லா ஓட்ட, வண்டி தேவை" என்று சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் காதில் என்ன விழுந்ததோ, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது: "ஆறு பேர் உட்கார நல்ல ஓட்டை வண்டி தேவை."

காலை ஏழு மணிக்குத் தெரு நிரம்பிவிட்டது, நட்டு! ஒருத்தர் வண்டியைக் கயிறு கட்டி இன்னொரு வண்டியால் இழுத்து வந்தார். ஒருத்தர் கதவைத் தனியாகக் கையில் எடுத்து வந்தார். ஒரு பெரியவர், "இதைவிட ஓட்டை உங்களுக்கு இந்த ஊர்லயே கிடைக்காதும்மா" என்று மார்தட்டினார். அதைக் கேட்டு அடுத்தவருக்கு ரோஷம் வந்து, "என்னது பாருங்க, கீழே தரை தெரியுது" என்று சண்டைக்கு நிற்கிறார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஜன்னலில் ஒரு சத்தம். உன் அத்தான் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய. மூன்று வருஷத்தில் அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தேன். அப்புறம் மெதுவாகச் சொல்கிறார்: "ப்ரூஃப்ல பார்த்தேன். விட்டுட்டேன். யார் யார் வர்றாங்கன்னு பார்க்கலாமேன்னு." பதினெட்டு வருஷமாக ஒரு காற்புள்ளியைக்கூடத் தப்பவிடாத மனுஷன்!

கடைசியாக வந்தவர் கல்யாணக் கச்சேரிகளில் டிரம் வாசிப்பவர். நீள வண்டி, தாழ்வானது, பின்கதவு மேலே தூக்கித் திறக்கிறது. கூச்சத்தோடு, "ஓட்டை ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. பரவாயில்லையா?" என்று கேட்டார். பின்சீட்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவு. பின்னால் சாலையைப் பார்த்தபடி இரண்டு மடக்கு சீட் வேறு. இரட்டைகள் அதில் ஏறியவர்கள் இறங்க மாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்கிறாய்? தண்ணீர் நிறையக் குடி, அங்கே வெயில் அதிகம்.

அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஏனென்றால் உன் கடிதத்தை வெல்டரிடம் படித்துக் காட்டினேன், அவர் ஷெட் முழுக்கப் பரப்பிவிட்டார். இப்போது ஒவ்வொரு லாரி வரும்போதும், "நல்ல ஓட்டை வண்டியா?" என்று கேட்கிறார்கள். அத்தான் சிரித்தார் என்ற இடத்தை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை. அதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

டிரம்காரர் வண்டியை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். எஞ்சின் சில்லென்று இருக்கும்போது போங்கள். போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஓட்டையைச் சுற்றித் திருப்புளியால் குத்திப் பாருங்கள். தகடு பிஸ்கட் மாதிரி உடைந்தால் வேண்டாம். கணீரென்றால் சரி. நேர் சாலையில் ஸ்டீரிங்கை லேசாக விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது? திருப்பத்தில் பின்பக்கம் தள்ளாடுகிறதா? இதையெல்லாம் ஓட்டிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஓட்டிப் பார்த்தது யார்? மூன்றாவது தடவை கேட்கிறேன், நேராகச் சொல்.

பெரியவளுக்குப் பரீட்சை எப்படிப் போனது?

நட்டு


ஜூன் 22

அன்புள்ள நட்டுவுக்கு,

உடம்பெல்லாம் நலம், மனசுதான் நாலு நாளாகப் படபடவென்று இருக்கிறது. பெரியவள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

தகடு கணீரென்றது. ஸ்டீரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. திருப்பத்தில் பின்பக்கம் அடக்கமாகக் கூடவே வருகிறது. ஓட்டிப் பார்த்தது நான்.

ஆமாம், நான்தான். நாற்பத்தாறு வயதில். ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள், கடைக்குத் துணி வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். சொல்லிக் கொடுத்தது ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அம்மா. வண்டி நின்று நின்று போகும்போது நான் என் காலை நானே திட்டுவேன். "காலைத் திட்டாதீங்க, அது புதுசு. கிளட்ச்சைத் திட்டுங்க, அதுக்கு வயசாச்சு" என்பார்.

ஆரம்பித்தது அத்தானுக்காகத்தான், சத்தியமாக. டிரைவருக்காகக் காத்திருக்காமல் அவரைக் கூட்டிப் போகலாம் என்று. ஆனால் ஒரு நாள் புறவழிச்சாலையில் நாலாவது கியர் விழுந்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டது, நானும் விட்டேன். சாலை எனக்காகவே விரிகிற மாதிரி இருந்தது. வாய்விட்டுப் பாடினேன், நட்டு! அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, சட்டை வெட்டி, இத்தனை வருஷத்தில் எனக்கே எனக்கென்று ஒன்று பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் அவர். ஒரு கால் இல்லாமல். நான் நேராகக் கொல்லைக் குழாய்க்குப் போய் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எதனால் அவர் கால் போனதோ அதுவே எனக்குப் பிடிக்கிறது. இதை யாரிடம் சொல்வேன்? அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் பல் விழுந்த கதை எழுதினேன்.

உனக்குப் பிடித்திருந்தது தப்பு என்றால் எனக்குப் பிடித்திருப்பதும் தப்பு. நீ சொல். நீ வேண்டாம் என்றால் பெட்டி வேனை வாங்கி ஆள் வைத்துக்கொள்கிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன், உடம்பு பத்திரம்.

அக்கா


ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு தபால் லாரி வந்து போய்விட்டது. இரண்டு தடவையும் எழுதிக் கிழித்துவிட்டேன்.

வாங்கு.

ஓட்டைக்கு இரண்டு மில்லிமீட்டர் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல், ரிவெட் வேண்டாம். நாலு டயரும் புதிதாகப் போடு. பிரேக் எண்ணெயை மாற்று. மழையில் முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி. வளைவுக்கு முன்னாலேயே பிரேக், வளைவுக்குள் கூடாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

உனக்குப் பிடித்திருப்பது தப்பில்லை, அக்கா. முகத்தைக் கழுவாதே.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நட்டு


ஆகஸ்ட் 19

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதங்களை அக்கா எனக்குப் படித்துக் காட்டுவாள், சில இடங்களைத் தாண்டிவிடுவாள். தாண்டிய இடங்களை நான் அப்புறம் எடுத்துப் படித்துக்கொள்வேன். தொழில் புத்தி. அவள் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கையில் ஒரு முழம் துணிகூட இல்லாமல், முகம் மட்டும் ஈரமாக வருவதும் எனக்குத் தெரியும். அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஏப்ரல் மாதக் கடிதத்தில் நீ ஒரு வரியை விட்டுவிட்டாய். வேகத்தைக் குறைக்கவில்லை, எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரி இது: பக்கத்து சீட்டில் அத்தானும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு மழையில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மெதுவாகப் போ என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. என் காலைப் பற்றி எழுதும்போது என் சிரிப்பையும் சேர்த்து எழுது.

உன்மேல் கோபமே இல்லையா என்றால், முதல் வருஷம் இருந்தது. நிறையவே இருந்தது. இப்போது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் நீ மூன்று வருஷமாக வராமல் இருக்கிற கோபம் இருக்கிறது. அது புதுசு.

வண்டி வாங்கியாகிவிட்டது. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை குவாரி வாசலுக்கு வருகிறோம். உன் அக்கா ஓட்டுவாள். நீ உட்கார்ந்து வந்தால் போதும். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு நடந்து பழகுகிறேன், கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது.

அத்தான்


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். மாமனாரின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது. குமாஸ்தா ஆச்சரியப்பட்டு இரண்டு தடவை தேதியைக் கேட்டார். வருகிறேன்.

பின்சீட்டில் உட்காருகிறேன், ஸ்டீரிங் தெரியாத இடத்தில். ஒரே ஒரு வேண்டுதல். ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். நான் இறங்கி நடந்து வருகிறேன், வளைவு முடிந்ததும் ஏற்றிக்கொள். வண்டிக்குள் இருந்தபடி அந்த இடத்தைத் தாண்ட என்னால் முடியாது. சிரிக்காதே அக்கா. வாக்குக் கொடு.

அத்தானின் கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நாற்பது தடவை படித்துவிட்டேன்.

நட்டு


செப்டம்பர் 27

அன்புள்ள நட்டுவுக்கு,

ரயில் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததா? இங்கே எல்லோரும் நலம். நீ போனதிலிருந்து வீடு ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. வீட்டில் இருந்த பத்து நாளும் நீ கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எழுதினால்தான் எனக்கு வரும்.

குவாரி வாசலில் ஏறியதிலிருந்து இரண்டு மணி நேரம் நீ கைப்பிடியை விடவே இல்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் பிரேக் போடும்போதெல்லாம் நீயும் பின்னால் தரையை மிதித்தாய். அப்புறம் இரட்டைகள் வாயாடி வாயாடி உன்னை ஒரு வழி பண்ணினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் தலை சரிந்தது. அத்தான் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்க ஆரம்பித்தாய். முன்சீட்டில் இருந்த மாமனார் திடீரென்று நிமிர்ந்து, "எஞ்சின்ல ஏதோ சத்தம் வருது, ஓரங்கட்டு" என்றார். உன் குறட்டைதான். பெரியவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அதற்கும் நீ அசையவில்லை.

நாலு மணிக்கு ஏரி தெரிந்தது. குவாரி வாசலிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்த்து, "எழுப்பட்டுமா?" என்று கேட்டேன். அத்தான் தோளை அசைக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். "மூணு வருஷத் தூக்கம். விடு, தூங்கட்டும். நீ போ" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஏரியை ஒரு தடவை முழுசாகப் பார்த்துக்கொண்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை, இரட்டைகள்கூட.

அப்புறம் கிளம்பினேன். பிரேக்கை முன்னாலேயே போட்டு முடித்துவிட்டேன். மூன்றாவது கியர். வண்டி லேசாகச் சாய்ந்து, ஏரியைச் சுற்றி அப்படியே வளைந்து வெளியே வந்தது. உன்னைக் கேட்காமல் உன்னை அந்த இடத்தைத் தாண்ட வைத்துவிட்டேன். கோபம் என்றால் நேரில் வந்து திட்டு.

அது நல்ல வளைவு, நட்டு. எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா